பில்லி புத்தக அலமாரி: ஆல்ம்ஹுல்ட் பர்னிச்சர் கடைக்காரர் விட்டுப்போன சாமான்

உயரம் 202 செ.மீ., அகலம் 80, ஆழம் 28. நடுவில் ஒரு நிலையான தட்டு, இடம் மாற்றிக்கொள்ளக்கூடிய நான்கு தட்டுகள். தேக்கு கிடையாது, பிளைவுட்கூடக் கிடையாது. மரத்தூளையும் சீவலையும் பசைவிட்டு அழுத்திய பார்ட்டிகிள் போர்டு, அதன்மேல் ஒட்டிய மெல்லிய தாள், பின்பக்கம் மடித்து வரும் ஃபைபர் போர்டு அட்டை. நம்மூர் ஆசாரியிடம் காட்டினால் விரலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். அவர் பிதுக்குவதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஸ்வீடனின் ஐகியா நிறுவனம் 1979 முதல் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் விற்றுக்கொண்டிருக்கும் சாமான் இது. நாட்டுக்கு நாடு விலைவாசியை ஒப்பிட ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் இந்த அலமாரியின் விலையையே அளவுகோலாக எடுத்துக்கொண்டது உண்டு.

பில்லியில் எது ஏன் அப்படி இருக்கிறது என்று தேடிப்போனால், ஒவ்வொன்றும் ஒரு சின்ன ஊர்க் கடைக்காரரின் பழைய தலைவலியில் போய் முடிகிறது. அவர் 2018 ஜனவரி 27 அன்று, 91 வயதில் காலமான, ஐகியாவைத் தொடங்கிய இங்வார் காம்ப்ராட். உலகப் பணக்காரர் பட்டியலில் பெயர் வந்த பிறகும் ஊழியர்களுக்கு எழுதியபோது தன்னை மரச்சாமான் வியாபாரி என்றே சொல்லிக்கொண்டவர். அதனால் அலமாரியை மதிப்பிடும்போது ஆளையும் சேர்த்தே மதிப்பிட வேண்டியிருக்கிறது.

காம்ப்ராட் 1926 மார்ச் 30 அன்று தெற்கு ஸ்வீடனின் ஸ்மோலாந்தில் பிறந்தார். காடும் கல்லுமான பூமி. வயலில் பொறுக்கிய கல்லையே வேலியாக அடுக்கி வைத்திருக்கும் ஊர்கள். சிறுவனாக இருந்தபோதே ஸ்டாக்ஹோமிலிருந்து தீப்பெட்டியை மொத்தமாக வரவழைத்து அக்கம்பக்கத்தில் சில்லறைக்கு விற்றார். பிறகு மீன், விதை, கிறிஸ்துமஸ் அலங்காரம், பேனா. 1943இல், 17 வயதில், படிப்பில் நன்றாகச் செய்ததற்கு அப்பா கொடுத்த பணத்தைப் போட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். நம்மூரில் இனிஷியலில் ஊர்ப்பெயரையும் சேர்ப்பதைப் போல, தன் பெயர், பண்ணை வீட்டின் பெயர் எல்ம்டாரிட், ஊர் அகுன்னாரிட் ஆகியவற்றின் முதலெழுத்துகளைக் கோத்து வைத்த பெயர்தான் ஐகியா. ஆர்டர் தபாலில் வரும். சரக்கு போவது பால் வண்டியில். பால் எடுக்க வரும் வண்டியே பொட்டலங்களையும் ரயில் நிலையம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

மரச்சாமான் 1948இல்தான் சேர்ந்தது. முதலில் வந்தவற்றில் ஒன்று ‘ரூத்’ என்று பெயரிட்ட நாற்காலி. எண்களை ஞாபகம் வைத்துக்கொள்வது அவருக்குச் சிரமம், டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புச் சிரமம் இருந்தது. ஆகவே சரக்கு எண்ணுக்குப் பதில் சாமானுக்கு ஆள் பெயர், ஊர்ப் பெயர். இன்றும் அந்தக் கடையில் எண் சொல்லிக் கேட்பவரைவிடப் பெயர் சொல்லிக் கேட்பவர்தான் அதிகம்.

தபால் வியாபாரத்துக்கு ஒரு சாபம் உண்டு. வாங்குபவருக்குக் கண்ணில் படுவது படமும் விலையும் மட்டும். போட்டிக்காரர் விலையைக் குறைத்தால் நாமும் குறைக்க வேண்டும். குறைக்கக் குறைக்கச் சரக்கு மட்டமாகும். புகார் கடிதம் குவியும். காம்ப்ராட்டும் இதே பள்ளத்தில் விழப் பார்த்தார். தப்பித்த வழி எளிது. ஆல்ம்ஹுல்டில் ஒரு பழைய தச்சுப் பட்டறையை வாங்கி, 1953இல் அதைக் காட்சிக்கூடமாக்கினார். மட்டமான சரக்கையும் நல்ல சரக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தொட்டுப் பார், உட்கார்ந்து பார், பிறகு ஆர்டர் கொடு. வருகிறவர்களுக்கு காபியும் பன்னும் இலவசம் என்று அறிவித்திருந்தார்; ஆயிரம் பேருக்கு மேல் வந்து நின்றார்கள். இன்று அந்தக் கடைகளுக்குச் சோபா வாங்கப் போகிறவர்களும் பசியாறப் போகிறவர்களும் சம அளவில் இருப்பதன் ஆரம்பம் அந்தப் பன்தான்.

அடுத்த அடி உள்நாட்டுக் கடைக்காரர்களிடமிருந்து வந்தது. இவ்வளவு மலிவாக விற்றால் எங்கள் பிழைப்பு என்னாவது என்று மரச்சாமான் வியாபாரிகள் சங்கம் கண்காட்சிகளில் அவருக்கு இடம் மறுத்தது. அவருக்குச் சரக்குக் கொடுத்தால் உங்களிடம் வாங்க மாட்டோம் என்று பட்டறைகளை மிரட்டியது. இரண்டு விளைவுகள். கடைத்தெருவில் கிடைக்கும் மாதிரியையே விற்க முடியாமல் சொந்தமாக வடிவமைக்கத் தொடங்கினார். உள்ளூரில் செய்துதர ஆளில்லாமல் 1961இல் போலந்துக்குப் போனார். அங்கே ஏறக்குறைய பாதி விலைக்கே வேலை முடிந்தது. சங்கம் அவரை அழிக்கப் போட்ட கட்டு, கடைசியில் அவருக்கு லாபமாகவே முடிந்தது.

இதற்கு நடுவில் 1956. கில்லிஸ் லுண்ட்கிரென் என்ற வரைபடக்காரர், இலை வடிவ மேசை ஒன்றைக் காரில் ஏற்ற முடியாமல் காலைக் கழற்றினார் என்பது எல்லோரும் சொல்லும் கதை. பிரித்து அடுக்கி விற்கும் யோசனை அதற்கு முன்பும் உலகத்தில் இருந்ததுதான். கணக்காகப் பார்த்தால் விஷயம் இவ்வளவு: கூட்டி முடித்த அலமாரியை லாரியில் ஏற்றினால் பெரும்பகுதி காற்றுக்குத்தான் வாடகை கொடுக்கிறோம். பலகையாகப் பிரித்து அடுக்கினால் அதே லாரியில் பல மடங்கு போகும், வழியில் கால் முறிந்து திரும்பி வருவதும் குறையும். ரயில் நிலையத்துக்குப் பொட்டலம் அனுப்பிப் பழகியவருக்கு இந்தக் கணக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லாதது.

அதே லுண்ட்கிரென்தான் பில்லியையும் வரைந்தார். விளம்பரப் பிரிவில் இருந்த பில்லி என்பவர், அலங்காரப் பெட்டியெல்லாம் வேண்டாம், புத்தகம் வைக்க மட்டும் ஒரு நேர்த்தியான அலமாரி வேண்டும் என்று கேட்டாராம். பெயர் அங்கிருந்து வந்தது.

இனி சாமானுக்கு வருவோம்.

28 செ.மீ. ஆழத்தில் தட்டுக்குக் கிடைப்பது 26. அகலத்தில் சுமார் 76. தமிழ்ப் புத்தகம் வைப்பவர்களுக்கு இது நல்ல அளவு. கிரௌன் அளவுப் புத்தகம் 12 × 18 செ.மீ.; முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை அப்படியே நிற்கும். டெம்மி 14 × 21.5, இரண்டு வரிசை வைத்தால் முன்வரிசை இரண்டு செ.மீ. வெளியே துருத்தும், அதனால் ஒரு வரிசைதான் அழகு. ஆறு அடுக்குக்கும் சேர்த்து நாலரை மீட்டர் நீளம். புத்தகம் சராசரியாக 1.8 செ.மீ. தடிமன் என்று வைத்தால், ஒற்றை வரிசையில் 250 புத்தகம்.

எடைதான் முக்கியம். 80 செ.மீ. அகல மாதிரியில் ஒரு தட்டு தாங்கும் அளவு 30 கிலோ. டெம்மி ஒரு வரிசை நிறைத்தால் 16 முதல் 18 கிலோ, கவலை இல்லை. கிரௌன் இரண்டு வரிசை 24 கிலோ பக்கம், அதுவும் சரி. மாட்டிக்கொள்வது ஏ4 அளவில். ஜெராக்ஸ் எடுத்து பைண்டு செய்த தொகுப்புகள், அகராதி, கலைக்களஞ்சியம், பரீட்சை கைடுகள் ஒரு தட்டு நிறைய நின்றால் 38 கிலோ தாண்டும். வழவழப்பான ஆர்ட் பேப்பர் என்றால் 50ஐத் தொடும். பார்ட்டிகிள் போர்டு ஒரே நாளில் முறியாது. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல நடுவில் தொய்யும். பாரத்தை எடுத்தாலும் பழைய நிலைக்கு முழுக்கத் திரும்பாது. அந்தக் கனத்தையெல்லாம் அடித்தட்டில் வையுங்கள், அல்லது அந்தத் தட்டில் பாதியை மட்டும் நிரப்புங்கள். தொய்யத் தொடங்கிய தட்டைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டால் இன்னும் சில காலம் ஓடும்.

முதலிலேயே கனமான புத்தகம்தான் என்று தெரிந்தால் 40 செ.மீ. அகலமுள்ளதை இரண்டாக வாங்குவது மேல். பலகையின் தொய்வு, அகலம் × அகலம் × அகலம் × அகலம் என்ற கணக்கில் ஏறும். அகலம் பாதியானால், ஒவ்வொரு செ.மீ. நீளத்துக்கும் அதே பாரம் இருக்கும்போது தொய்வு பதினாறில் ஒன்று. காசு கொஞ்சம் கூடும், தட்டு நேராக இருக்கும்.

கூட்டும் வேலை. திருப்புளி இரண்டு வகையும், சுத்தியலும், ஒரு டேப்பும் போதும். பெட்டியைக் கிழித்து அந்த அட்டையையே தரையில் விரித்து அதன்மேல் கூட்டுங்கள், மொசைக் தரையில் உரசினால் தாள் உரியும். முதலில் பக்கப் பலகைகளில் கேம் போல்ட்டுகளை, அதாவது பலகைகளை இணைக்கும் தலையுள்ள போல்ட்டுகளை, ஏற்ற வேண்டும். அதன் கழுத்து பலகை மட்டத்துக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். பவர் ட்ரில்லில் திருப்பி முறுக்கினால் தூள் பலகையில் மரை பிய்ந்துவிடும். பிறகு மர முளைகள், மேல்பலகை, நடுத்தட்டு, அடித்தட்டு, கீழே கால்மறைப்புப் பலகை. அந்த போல்ட்டின் தலையைக் கவ்வி இறுக்கும் கேம் உருளையின் முகத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது போல்ட் வரும் துளையைப் பார்த்து இருந்தால்தான் போல்ட் தலை உள்ளே போகும். போனதும் வலப்பக்கமாக அரைச் சுற்றுக்குள் இறுகி நிற்கும். நின்றபிறகும் ‘இன்னும் கொஞ்சம்’ என்று முறுக்குவதில்தான் அந்த வார்ப்பு உருளை உடைகிறது.

எல்லோரும் செய்யும் தவறு, நிலைத்தட்டைத் திருப்பிப் போடுவது. ஒரு விளிம்பில்தான் பட்டி ஒட்டியிருக்கும். மறு விளிம்பில் தூள் தெரியும். இது முடித்து நிமிர்த்திய பிறகுதான் கண்ணில் படும்.

பின் அட்டையைப் பலர் அலட்சியமாக அடிக்கிறார்கள். அலமாரியின் பலம் பாதி அதில்தான் இருக்கிறது. கேம் பிடிப்பு மூலையை இழுத்துப் பிடிக்கும், ஆனால் பக்கவாட்டு ஆட்டத்தைத் தடுப்பது அந்த மெல்லிய அட்டைதான். படுத்த நிலையிலேயே மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் டேப் வைத்துப் பாருங்கள். இரண்டு அளவும் இரண்டு மூன்று மி.மீ.க்குள் ஒத்துப்போக வேண்டும். போகவில்லை என்றால் நீளமான மூலையைக் கையால் தள்ளிச் சரிசெய்து, அதன்பிறகு அடியுங்கள். மூலைமட்டம் பார்க்காமல் அடித்த பில்லி ஆயுசுக்கும் ஆடிக்கொண்டேதான் இருக்கும். கதவு வாங்கி மாட்டினால் ஒன்று மேலே, ஒன்று கீழே நிற்கும். புதிய மாதிரிகளில் ஆணிக்குப் பதில் அழுத்திப் பொருத்தும் பிடிப்பு வந்திருக்கிறது. கழற்றி மாட்ட அது வசதி.

நிமிர்த்துவதற்கு இடம் வேண்டும். 202 உயரமும் 28 ஆழமும் கொண்டதைப் படுக்கையிலிருந்து தூக்கினால் நடுவழியில் 204 செ.மீ. தொடும். ஏழடியில், அதாவது 213 செ.மீ.யில் பரண் இருக்கும் அறையில் தாராளமாக நிமிரும். மேல்பெட்டி சேர்த்த 237 செ.மீ. மாதிரி பரணுக்கு அடியில் போகாது.

சுவரில் பிடிப்பதை விட்டுவிடாதீர்கள். 28 செ.மீ. ஆழத்தில் ஆளைவிட உயரமான சாமான். மேல்தட்டில் கனமும் கீழே காலியும் இருந்தால் ஒரு குழந்தை ஏறி நின்றாலே சாயும். இதே கடையின் இழுப்பறைப் பெட்டிகள் சாய்ந்து குழந்தைகள் இறந்த பிறகு, 2016 ஜூனில் அமெரிக்காவில் மட்டும் 2 கோடியே 90 லட்சம் பெட்டிகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. மலிவுக்காகப் பாரத்தைக் குறைத்ததன் மறுபக்கம் இது. பிடிப்புத் தகடு பெட்டியில் வரும். சுவர் ஸ்க்ரூ வராது, ஏனென்றால் சுவர் ஊருக்கு ஊர் வேறு. செங்கல் சுவரில் பூச்சைத் தாண்டிச் செங்கல்லில் பிளக் இறங்க வேண்டும். பூச்சே ஒன்றரை செ.மீ. போய்விடுவதால் 50 மி.மீ. ஸ்க்ரூ நல்லது. ஹாலோ பிளாக் சுவரில் சாதாரண பிளக் பிடிக்காது. அதற்கென்று விரியும் வகை கேட்டு வாங்குங்கள்.

நம் வீடுகளில் பில்லியின் முதல் எதிரி தண்ணீர். ஸ்வீடனில் தரையை ஈரத்துணியால் துடைப்பார்கள். இங்கே வாளியோடு கழுவுகிறோம். பக்கப் பலகையின் அடி விளிம்பு நேராகத் தரையில் நிற்கிறது. அங்கே தாள் இல்லாத இடத்தில் நீர் ஏறினால் பலகை பொரி மாதிரி உப்பும். உப்பினது மறுபடி அமுங்காது. கூட்டுவதற்கு முன்பே அடி விளிம்புகளில் இரண்டு கை வார்னிஷ் அடித்துக் காயவிட்டு, 5 மி.மீ. ரப்பர் புஷ் ஒட்டிவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு போய்விடும். குளியலறைச் சுவருக்கு மறுபக்கம் நிறுத்தவே கூடாது. கரையான் உள்ள வீட்டில் முதலில் போவது பின் அட்டை. சுவருக்கும் அதற்கும் விரற்கடை இடைவெளி விட்டால் மண்புற்று ஏறுவது கண்ணுக்குத் தெரியும்.

வீடு மாறுபவர்களுக்கு: ஒருமுறை கழற்றி மாட்டத் தாங்கும். இரண்டாவது முறை மரை தளர்ந்திருக்கும். துளையில் பெவிகால் விட்டு, தீக்குச்சியின் மருந்தைக் கிள்ளிவிட்டு இரண்டு மூன்றை அடைத்து, ஒரு நாள் காயவிட்டுப் பிறகு போல்ட்டை ஏற்றினால் பிடிக்கும். மூன்றாவது முறைக்கு உத்தரவாதம் கேட்காதீர்கள்.

புது அலமாரியின் வாசனை பற்றிக் கேட்பவர்கள் உண்டு. பலகைப் பசையிலும் பூச்சிலும் ஃபார்மால்டிஹைடு என்ற கெடுதலான வாயு இருக்கும் என்ற பயம். 1992இல் ஜெர்மனியில் பில்லியே இதில் சிக்கியது. அளவுக்கு மேல் வெளியாகிறது என்று சோதனையில் தெரிந்தபோது விற்பனையை நிறுத்தினார்கள். காரணம் பலகையில் இல்லை, பூசிய லாக்கரில் என்று கண்டுபிடித்தார்கள். அதன்பிறகு கட்டுப்பாடு இறுகியது. இன்றைக்கு ஜன்னலைத் திறந்து வைத்து நாலைந்து நாள் காற்றாட விட்டால் போதும்.

ஆசாரி செய்யும் அலமாரியோடு ஒப்பிட்டால்? 19 மி.மீ. பிளைவுட்டில், ஐஎஸ் 710 (மரைன் பிளைவுட் தரம்) முத்திரை உள்ள பலகையில் அதே அளவில் செய்தால் தட்டு தொய்யாது, தண்ணீருக்கும் பயமில்லை. ஆனால் பலகை, லேமினேட், கூலி என்று சேர்ந்தால் விலை பில்லியை வெகுதூரம் தாண்டும். அத்தோடு ‘நாளைக்கு வர்றேன் சார்’ என்ற பதிலும் சேரும். சொந்த வீட்டில், சுவரோடு சுவராக, இருபது வருடத்துக்கு வேண்டும் என்றால் ஆசாரிதான். வாடகை வீட்டில், ஐந்தாறு வருடத்துக்கு என்றால் பில்லி நியாயமான சாமான். சாதாரண உள்ளூர்க் கடைகளில் கிடைக்கும் பெயரில்லாத பார்ட்டிகிள் போர்டு அலமாரிகளைவிடத் துளைகள் துல்லியமாக இருக்கும், உதிரியும் கிடைக்கும். அங்கே மட்டும் யோசிக்காமல் இதையே எடுக்கலாம்.

அதே குடும்பத்து ‘லேக்’ மேசையைப் பற்றி ஒரு வரி: 55 × 55, உயரம் 45, உள்ளே தேன்கூடு மாதிரி அட்டைதான், கதவு செய்யும் முறை. காபி வைக்க நன்று, மேலே ஏறி பல்ப் மாட்ட ஆகாது.

காம்ப்ராட்டின் சிக்கனம் பிரசித்தம். பழைய வால்வோ, விமானத்தில் மலிவு வகுப்பு. அதை மட்டும் சொல்லி நிறுத்தினால் கணக்கு நேர்மையாகாது. வரிக்குத் தப்ப 1973இல் டென்மார்க், 1976 முதல் சுவிட்சர்லாந்து, 1982இல் நெதர்லாந்தில் அறக்கட்டளை என்று கடையின் உரிமையைச் சுற்றிச் சுற்றிக் கட்டிவைத்ததும் அதே சிக்கனம்தான். இளமையில் ஸ்வீடனின் பாசிச இயக்கத்தோடு இருந்த தொடர்பு 1994இல் வெளியானபோது ஊழியர்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார். கிழக்கு ஜெர்மனியில் சரக்குக் கொடுத்த பட்டறைகளில் அரசியல் கைதிகளை வேலை வாங்கியது உண்மை என்று நிறுவனமே 2012இல் ஒப்புக்கொண்டது. மலிவு விலைக்குப் பின்னால் யாரோ ஒருவர் கொடுத்த விலை இதிலும் இருக்கிறது. மனைவி 2011இல் இறந்த பின், 2014இல் ஸ்மோலாந்துக்கே திரும்பிவந்து அங்கேயே முடிந்தார்.

ஸ்வீடன் பக்கம் போகிறவர்கள் ஆல்ம்ஹுல்டில் ஒருநாள் ஒதுக்கலாம். 1958இல் திறந்த 6,700 சதுர மீட்டர் முதல் பெரிய கடைக் கட்டடத்தில் 2016 முதல் அருங்காட்சியகம் நடக்கிறது. செடிகொடிகளுக்கு இரட்டைப் பெயர் வைத்த லின்னேயஸ் பிறந்த ரோஷுல்ட்டும் பக்கத்தில்தான். சாமானுக்குப் பெயர் வைத்தவரும் அதே வட்டாரம் என்பது தற்செயல்.

இந்தியாவில் முதல் கடை அவர் இறந்த அதே ஆண்டு, 2018 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் திறந்தது. பெங்களூரு 2022 ஜூனில். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்தினருக்கு அது எட்டும் தூரம். போனால் காட்சிக்கு வைத்திருக்கும் பில்லியின் நடுத்தட்டை ஒருமுறை கீழே குனிந்து பாருங்கள், எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று. பெட்டி இரண்டு பேர் சுமை, இரண்டு மீட்டர் நீளம். காரின் பின்சீட்டை மடித்தாலும் சின்னக் கார்களில் முன்சீட்டுவரை நீளும் என்பதால் டேப் வைத்து அளந்துவிட்டே கிளம்புங்கள். வீட்டுக்கு வந்து திறந்ததும் மூலைகள் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நசுங்கிய பலகையைக் கூட்டிவிட்டு மாற்றக் கேட்பதைவிட, கூட்டும் முன்பே பில்லோடு திருப்பிக் கொடுப்பது சுலபம்.